நரம்புத் தளர்ச்சி என்று சொன்னால்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். மருந்துக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். காய்ச்சல், சளிக்கு அடுத்து என் காதில் அதிகம் விழுகிற நோய் 'நரம்புத் தளர்ச்சி'தான்.

1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 'நியூராஸ்தீனியா' என்று எழுதினாரே, கிட்டத்தட்ட அதன் தமிழ்தான் இது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் அது தனி நோயாக இல்லை. எங்கள் ஊரில் மட்டும் ஓய்வு பெறவில்லை. அதிலும் நமக்கு நரம்பு என்றால் எதுவும் நரம்புதான். புறங்கையில் நீலமாகத் தெரிகிற இரத்தக் குழாயும் நரம்பு, வீணைத் தந்தியும் நரம்பு!

போன வாரம் பூ கட்டுகிற அக்கா ஒருவர் வந்தார். "கை கால் விட்டுப்போகுது தம்பி, நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு அட்டை குடு." கீழ் இமை வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. இரத்தம் பார்த்தீர்களா என்றேன், இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை. அப்புறம் ஒரு தாத்தா. கை மடியில் இருக்கும்போது சும்மா இருக்கிறது, டீ கிளாஸைத் தூக்கினால்தான் நடுங்குகிறது. அவருக்கும் அதே பெயர். கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிற பையன்களுக்கும் அதேதான். அவர்களுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது பேருந்து நிலையச் சுவர் நோட்டீஸ். 1954லேயே அப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் வந்தாயிற்று. சுவருக்குச் சட்டம் தெரியாது போல.

இதெல்லாம் போகட்டும். ஒருநாள் சாயங்காலம் ஒருவர் அப்பாவுக்குச் சத்து மாத்திரை கேட்டு வந்தார். காலையிலிருந்து வலது கையில் சொம்பு நிற்கவில்லையாம். ஒரு கிளினிக்கில் "வீக்னஸ்" என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வாய் கோணியிருக்கிறதா என்று கேட்டேன். "லேசா" என்றார். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். யாராவது 'தளர்ச்சி' என்றால் உடனே பி காம்ப்ளெக்ஸ் எழுதிவிடாதீர்கள். "என்ன செய்ய முடியலை? எப்போதிருந்து? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேளுங்கள். கடையில் நானும் இதைத்தான் கேட்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு பிபி மிஷின்கூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரன்