ஜெனரேட்டர் வாங்கும் முன் தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்க நெருங்க, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ஊர்களில் ஜெனரேட்டர் விசாரிப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த எங்களுக்கு அந்தப் பயம் இன்னும் விட்டபாடில்லை. பயத்தோடு கடைக்குப் போகிறவர்கள் தேவைக்கு மீறிய இயந்திரத்தையும், தங்களுக்குப் பொருந்தாத எரிபொருளையும் தேர்ந்துகொண்டு வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நானும் அப்படி வாங்கி நட்டப்பட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் புயலில் டெல்டாவிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு 23 நாட்கள் கழித்துத்தான் மின்சாரம் வந்தது. அந்த நாட்களில் எதற்காக அதிகம் தவித்தோம் என்று எண்ணிப் பார்த்தால், அது விளக்குக்காக அல்ல. விளக்குக்கு மெழுகுவத்தி இருந்தது. கைபேசிக்கு டிராக்டர் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டோம். போர்வெல் தண்ணீரை மேலே ஏற்ற மட்டும் வழியில்லை. குட்டியானை வண்டியில் வாடகை ஜெனரேட்டர் ஒன்று வீடு வீடாக வந்து, மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டு மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு போனது. ஒருமுறை நிரப்பிய தொட்டி மறுமுறை எங்கள் முறை வருவதற்குள் வற்றிவிடும். படுத்த படுக்கையாக இருந்த என் தாயாருக்குத் துணி அலசத் தண்ணீர் கேட்டு, அடிபம்பு இருந்த அடுத்த தெருவுக்கு என் மனைவி குடத்தோடு நடந்ததை நான் மறக்கவில்லை.

ஆகவே, கிராமத்து வீட்டில் ஜெனரேட்டரின் முதல் வேலை தண்ணீர் ஏற்றுவது. அதன் அளவை முடிவு செய்ய வேண்டியதும் மோட்டார்தான். 9 வாட் எல்இடி பல்பு ஐந்தும் 75 வாட் மின்விசிறி இரண்டும் சேர்ந்தாலும் 200 வாட்டைத் தாண்டாது. எங்கள் வீட்டு 1 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாரோ ஓடும்போது 1,100 வாட் அளவுக்கு இழுக்கிறது; புறப்படும் நொடியில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கேட்கிறது. அந்த ஒரு நொடியைத் தாங்காத இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. உறவினர் ஒருவரின் 2 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) ஜெனரேட்டரை இரவல் வாங்கி வந்து பார்த்தபோது, சுவிட்சைப் போட்டதும் இஞ்சின் திணறி அணைந்துவிட்டது. கேவிஏ என்று எழுதியிருக்கும் எண்ணில் பொதுவாகப் பத்தில் எட்டுப் பங்குதான் கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பதைக் கடையில் எல்லோரும் சொல்வதில்லை. வாங்குகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்து 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரையும் வீட்டு ஜெனரேட்டரில் ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. அதற்கு ஊரில் நாலு பேர் சேர்ந்து, டிராக்டரில் பூட்டி ஓட்டும் ஜெனரேட்டர் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்வதே பொருத்தம்.

இனி எரிபொருள். கஜாவுக்கு அடுத்த ஆண்டு நான் 7.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். டீசல் டிராக்டருக்காக எப்படியும் வீட்டில் இருக்கும், பெட்ரோலைப் போல எளிதில் தீப்பற்றாது, இயந்திரமும் உழைக்கும் என்பவை அதற்கு நான் கண்ட காரணங்கள். அவை மூன்றும் இன்றும் உண்மையே. ஆனால் டீசல் இஞ்சினுக்குப் போதிய சுமை வேண்டும். இரண்டு விசிறியும் நாலு விளக்குமாக மணிக்கணக்கில் ஓட்டியதில் உள்ளே சூடு ஏறாமல், எரியாத எண்ணெய் கரியோடு கலந்து சைலன்சர் வாயில் கறுப்பாக வழிந்தது. அந்த ஜெனரேட்டரைத் தரையில் இறக்கி ஏற்ற மூன்று ஆட்கள் தேவைப்பட்டார்கள். அரிசி ஆலை, பால் குளிரூட்டும் இடம், கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு டீசல்தான் சரி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓட்டப்போகிற வீட்டுக்கு அது தேவையில்லை.

அதை விற்றுவிட்டு 3.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன். அதிலும் ஒரு பாடம் இருந்தது. தையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, டாங்கியில் பெட்ரோலோடு மூடி வைத்தேன். ஐப்பசியில் எடுத்துக் கயிற்றை இழுத்தால், முப்பது முறை இழுத்தும் பிடிக்கவில்லை. மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அடியில் பச்சை படர்ந்த பிசின், அதன்மேல் உளுந்து அளவில் உருண்டு நிற்கும் தண்ணீர்த் துளிகள், பெட்ரோல் வரும் ஊசி முனையளவு ஜெட் துளையில் வெள்ளைப் பொடி அடைப்பு. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்றால் இதுதான் கதி. பெட்ரோல் குழாயை மூடி, இஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டிக் கார்புரேட்டரைக் காலியாக்கி, டாங்கியையும் வடித்துவிட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம், மோட்டார் சுமையோடு ஓட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது. நான்கைந்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1,000 லிட்டர் தொட்டி எங்கள் வீட்டில் அரை மணி நேரத்தில் நிரம்புகிறது. இன்னும் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டிக்கும் மிக்சிக்கும் ஓட்டினால் நாளைக்கு ஒன்றரை லிட்டர் போதும். 20 லிட்டர் இருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரம் தள்ளலாம். உரிமம் இல்லாமல் 30 லிட்டர் பெட்ரோல் வரைதான் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. மூடி இறுகிய கேனில், அடுப்படிக்கு எட்டாத தனி இடத்தில், புயல் அறிவிப்பு வந்ததும் வாங்கி வைத்தால் போதும். புயல் கடந்த பின் வாங்கலாம் என்று இருந்தால், பெட்ரோல் பங்கிலும் மின்சாரம் இருக்காது. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ஜெனரேட்டர்களை மலிவு என்று வாங்குவோர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கிடைக்கும் நிலைமையை முதலில் பார்க்கட்டும். சமையல் சிலிண்டரை ஜெனரேட்டரில் மாட்டுவது விதிக்கும் புறம்பு, ஆபத்தும் கூட.

இரவு முழுக்க ஜெனரேட்டரை ஓட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதும். காலியான பேட்டரி முழுதாக ஏறப் பத்து மணி நேரம் ஆகும் என்பதால் ஜெனரேட்டரை மட்டும் நம்பாமல், அதற்கென்று இரண்டு சூரிய ஒளித் தகடுகள் இருந்தால் எரிபொருள் மிச்சமாகும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியத்தில் கூரையில் தகடு போட்டவர்கள் புயல் நேரத்திலும் வீட்டில் மின்சாரம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த அமைப்பு, அந்தக் கம்பியில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் அது உதவும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைக்கும் விதம். கஜா நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டார், இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரின் ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் இருந்த சாக்கெட்டிலும் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மெயினை அணைக்கவில்லை. அப்படி ஓட்டும்போது மின்சாரம் மீட்டர் வழியாக வெளியேறிக் கம்பிக்குப் போகிறது. டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட் ஆகவும் கூடும். வெளி மாவட்டத்திலிருந்து எங்களுக்காக வந்திருந்த மின்வாரிய இளைஞர் ஒருவர் கம்பத்தில் பாதி ஏறியிருந்தார். ஜெனரேட்டர் சத்தம் கேட்ட மூத்த ஊழியர் அவரைக் கத்தி இறக்கிவிட்டு, வீடு வீடாக வந்து அணைக்கச் சொல்லி, கம்பியை, அதில் இருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடால் தொட்டு உறுதி செய்த பிறகே மறுபடி ஏறவிட்டார். ஊருக்கு வெளிச்சம் கொடுக்க வந்த பிள்ளையை அன்று நாங்கள் கொன்றிருப்போம்.

இதைத் தடுக்க, வீட்டை ஒரு நேரத்தில் மின்வாரியக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் இணைக்கும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று போதும். உரிமம் பெற்ற ஒயர்மேன் அரை நாளில் பொருத்திவிடுவார். அந்த வேலையை முடித்த பிறகுதான் ஜெனரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வைக்கும் இடமும் வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, மேடை கட்டி, மேலே தகரம் வேய்ந்ததாக இருக்கட்டும். மழைக்கு நனையாமல் இருக்கத் தாழ்வாரத்தில் வைத்து ஓட்டினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சன்னல் வழியே உள்ளே வந்து தூங்குகிறவர்களை எழவிடாமல் செய்துவிடும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் விற்கக் கூடாது என்று ஒரு விதி வருமானால் அதை முழு மனதோடு வரவேற்பேன். அதுவரை மின்வாரியம் ஐப்பசிக்கு முன் ஊராட்சிதோறும் ஒரு நாள் ஒதுக்கி, ஜெனரேட்டர் உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, இணைப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.