எல்லாத்துக்கும் ‘வகை’ எண்டு எழுதிக் குடுக்காதேங்கோ: ரியூசன் இங்கிலீஸ் சேர்மார், ரீச்சர்மாருக்கு

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில ஓஎல் பிள்ளையளுக்கு இங்கிலீஸ் படிப்பிக்கிற உங்கள் எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறன், ஒராளைக் குறிச்சு இல்லை. நான் மிளகாய்த்தூள், ஊறுகாய் அடைக்கிற சின்ன இடமொண்டில மேற்பார்வை பாக்கிறனான். இங்கிலீசில நல்ல ரிசல்ட்ஸ் எடுத்த பிள்ளையள் எங்களிட்ட வேலைக்கு வருதுகள், கெட்டிக்காரப் பிள்ளையள்தான், ஆனா சோர்ட், குறூப், கிளாஸ், கற்றகறி, செட், கிறேட், பட்ச், லொட் எண்டு நீங்கள் குடுக்கிற போட்டோக்கொப்பியில எல்லாத்துக்கும் நேர கிடக்கிறது ரெண்டே சொல்லு: வகை, தொகுதி.

பட்ச் படி அடுக்கு பிள்ளை எண்டு ஒராளிட்டச் சொன்னா அது போத்தலுகளை பெரிசு சின்னன் பாத்து வடிவா அடுக்கி வச்சிட்டு நிக்குது. அதில பிள்ளையைப் பேச என்ன கிடக்கு? பட்ச் எண்டா ஒரே தரத்தில ஒண்டா அரைச்சு எடுத்தது, பிறகு ஏதும் பழுதெண்டு வந்தா எந்த அரைப்பில வந்தது எண்டு பிடிக்கத்தான் லேபிள்ல அந்த நம்பர் அடிக்கிறம். அந்தச் சொல்லே போறணையில வேக வைக்கிற (bake) வேலையில இருந்து வந்ததுதான், ஒருக்காப் போறணைக்குள்ள வச்சு எடுக்கிற பாண் அவ்வளவும் ஒரு பட்ச். போறணை தெரியாத பிள்ளை இங்க ஆர்? கம்பஸ் பொடியள் ‘எங்கட பட்ச்’ எண்டுறதும் அதே கணக்குத்தானே, ஒண்டா உள்ள போனவை.

சோர்ட் எண்டுறது கைவேலை. சோர்ட் பை சைஸ் எண்டா அளவு பாத்துப் பிரி, சோர்ட் இன்டு பொக்சஸ் எண்டா பிரிச்சுப் பெட்டி பெட்டியாப் போடு, சோர்ட் அவுட் த பாட் வன்ஸ் எண்டா பழுதைப் பொறுக்கி எறி. பின்னால வாற பை, இன்டு, அவுட் மாறினா வேலையே மாறிப்போகும், அதைத்தான் ஒருத்தரும் படிப்பிக்கிறேல்ல. சோர்ட்டில மேல் கீழ் இல்லை, சிவப்பு மூடி ஒரு பக்கம் பச்சை மூடி ஒரு பக்கம். கிறேட்டில மேல் கீழ் இருக்கு, காம்பு கழண்டு நிறம் வெளுத்த செத்தல் மிளகாய் முதலாந்தரத்துக்குள்ள வராது. பிள்ளையளுக்கோ கிறேட் எண்டா கிறேட் 9, கிறேட் 10 எண்ட வகுப்புத்தான், வேற கருத்து ஒண்டும் தெரியாது.

கிளாசிஃபை வேற. அதுக்குப் பின்னால ஒரு விதி, ஒரு சட்டம் நிக்கும். அமெரிக்காவில 1883ம் ஆண்டுச் சட்டப்படி வெளியில இருந்து வாற மரக்கறிக்குத் தீர்வை இருந்தது, பழத்துக்கு இல்லை. தக்காளி இறக்கினவை இது பழம், வரி கட்ட ஏலாது எண்டு வழக்குப் போட, 1893ல உச்ச நீதிமன்றம் தாவரவியல்படி பழம்தான், ஆனா சனம் சாப்பாட்டோட மரக்கறியாத்தானே சமைச்சுத் தின்னுது, அதால வரிக்கு மரக்கறி எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. தக்காளி மாறேல்ல, அதைப் போட்ட கற்றகறிதான் மாறினது. இந்தக் கதையை வகுப்பில சொல்லிப் பாருங்கோ, பிறகு ஒரு பிள்ளையும் சோர்ட்டையும் கிளாசிஃபையையும் குழப்பாது.

கணக்கு சேர்மார் உங்களை விடப் பரவாயில்லை, கோவிக்காதேங்கோ. செட்டுக்குத் தொடை எண்டு ஒரு சொல்லை வச்சு, உறுப்பு எது உறுப்பில்லாதது எது எண்டு கறாராப் படிப்பிக்கினம். விஞ்ஞானத்திலயும் அப்பிடித்தான், 1753ல லின்னேயஸ் எண்ட தாவரவியலாளர் எங்கட பனைக்கு வச்ச பேரில பொராசஸ் சாதி, ஃபிளபெலிஃபெர் இனம், அதை மாத்தி எழுதினா புள்ளி போச்சு. இங்கிலீஸ் பாடத்தில மட்டும் எல்லாம் ஒண்டு.

கைன்ட், ரைப் ரெண்டிலயும் மினக்கெட வேண்டாம், பேச்சில மாறி வந்தாலும் பெரிய நட்டமில்லை, திஸ் கைன்ட், தீஸ் கைன்ட்ஸ் எண்ட ஒருமை பன்மையைப் பாத்தாக் காணும்.

சோதினைக்கு இது போதும் தம்பி எண்டுதான் சொல்லுவியள், தெரியும். சோதினை முடிஞ்ச கையோட பிள்ளை வேலைக்கு வந்து நிக்குதே, அதுக்கு என்ன செய்யிறது? பாசையூரில விடிய மீனைக் கூறு கூறாப் போட்டு விலை கூறுறதைக் காட்டினா லொட் எண்டா என்னெண்டு அரை நிமிசத்தில விளங்கும். சோர்ட்டுக்கு லத்தீனில இருக்கிற வேர்ச்சொல்லும் சீட்டுப் போட்டு விழுற பங்கைத்தான் சொல்லுது, பாருங்கோவன். மருதனார்மடம் சந்தையில வெங்காயம் பிரிக்கிற அம்மாவை ரெண்டு நிமிசம் பாத்தாலே சோர்ட்டும் கிறேட்டும் ஒண்டாப் படிச்சு முடியும்.

அடுத்த தவணைக்கு அந்தத் தாளை அடிக்க முதல் ‘வகை’ எண்ட சொல்லை ஒருக்கா வெட்டிப்போட்டு, ஒவ்வொண்டுக்கும் ஒரு வசனம், ஒரு சாமான் எழுதுங்கோ. சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போக நேரமில்லை எண்டா எங்கட இடத்துக்கு வாங்கோ, மிளகாய் அரைக்கிற நாளில வந்தா எல்லாம் ஒரே இடத்தில பாக்கலாம். மாஸ்க் மட்டும் கொண்டு வாங்கோ, தும்மல் தாங்க ஏலாது.