ஒரு தாள் சர்க்யூட் படம் கேட்டு: வணிகம், தொழில், போட்டித்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும், வணிகப் போட்டி ஆணையத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்க நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தத் துணிவில் இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி ஒன்று உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வருகிறது. தமிழில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் மெர்பேங்கிலும் டோங்காட்டிலும் இருக்கும் நம் ஜனங்கள் இதைப் படிக்க வேண்டும். தங்கள் வீட்டு அலமாரியில் பழுதாகிக் கிடக்கும் சாமான்களை நினைத்துப் பார்த்து, அவர்களும் உங்களுக்கு எழுத வேண்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மின்னணுக் கருவியை இந்த நாட்டில் இறக்குமதி செய்து விற்பவர், அதைப் பழுது பார்க்கத் தேவையான விவரங்களையும் இங்கே ஒப்படைத்து வைக்க வேண்டும். செய்த கம்பெனி ஒருநாள் கதவைச் சாத்தினால், அந்த விவரங்கள் நம் ஊர் மெக்கானிக்குகள் கைக்குக் கிடைக்க வேண்டும். இதற்கு ஒரு விதி போடுங்கள்.

என்னிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறது, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டும் கருவி. வார இறுதியில் டர்பன் கடற்கரையில் மணலைத் தடவிக்கொண்டு நடப்பேன். மோதிரத்தைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்த் தேடிக் கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. அது எனக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் போனது 2022 ஏப்ரல் மாதத்தில்தான். அந்த மாதம் 11, 12 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் குவாசூலு நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆற்றோரமாக இருந்த ஒரு வீட்டின் பின்கட்டு அப்படியே சரிந்தது. அந்த வீட்டு ஆயாவை அண்டை வீட்டார் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருடைய தாலி மட்டும் அலமாரியோடு சேற்றில் போய்விட்டது. தாத்தா இறந்த பிறகு கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த தாலி.

மூன்று நாள் தேடினோம். கூரைத் தகடும் ஆணியும் கம்பியும் கலந்த சேறு அது. வைத்த இடமெல்லாம் டிடெக்டர் கத்தியது. மெல்லிய தங்கம் எழுப்பும் சத்தமும் குளிர்பான டப்பாவின் மூடி வளையம் எழுப்பும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் வந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் தோண்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மாலை அந்தத் துணி முடிச்சு கையில் கிடைத்தபோது ஆயா என்னைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை. முடிச்சை வாங்கி, அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கருவியை என்னால் விளையாட்டுச் சாமானாக நினைக்க முடியவில்லை.

மறுவருடம் அது செத்தது. ஈர மணலில் வைத்தால் காரணமே இல்லாமல் அலறும், கொஞ்ச நேரத்தில் ஊமையாகிவிடும். வாங்கிய கடைக்குக் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்ச கம்பெனி மூடியாச்சு. ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்குங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரிடமும் ஒன்றும் இல்லை. உள்ளே எந்த உதிரி எதோடு இணைகிறது என்று காட்டும் சர்க்யூட் படமோ, சர்வீஸ் புத்தகமோ அந்தக் கடைக்கு யாரும் எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை. விற்பதற்கு அது தேவைப்படவும் இல்லை.

அப்புறம் கிரே ஸ்ட்ரீட் பக்கம் (இப்போது யூசுஃப் தாதூ தெரு, என் வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது) எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். 1976-இல் இந்த நாட்டுக்கு டெலிவிஷன் வந்தபோது தொழில் கற்றுக்கொண்டவர். அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்பது எவ்வளவு சின்ன உதவி என்பது அதில்தான் விளங்கும்.

டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டைக் காயில் என்போம். அதற்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். இன்னொன்று, உலோகத்தில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கும். உலோகம் எதுவும் இல்லாதபோது கேட்கும் சுருளில் கிட்டத்தட்ட ஒன்றுமே விழக்கூடாது. அதற்காக இரண்டையும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியபடி வைத்து, எபாக்சி என்ற கெட்டிப் பசையை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். மில்லிமீட்டரில் ஒரு பங்கு நகர்ந்தாலும் சமநிலை கெட்டுவிடும். என் காயிலில் முடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய், கேட்கும் சுருளின் கம்பியை அரித்துத் தின்றிருந்தது. பெரியவர் மல்ட்டிமீட்டரை வைத்துக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். போர்டில் உப்பிப்போயிருந்த இரண்டு கப்பாசிட்டர்களையும் அப்போதே மாற்றினார்.

சுருளை மறுபடி சுற்ற வேண்டும். எத்தனை சுற்று? எந்தப் பருமன் கம்பி? சுருளின் காந்தத் திறனைக் காட்டும் அளவான இண்டக்டன்ஸ் எவ்வளவு? சுருள்கள் எந்த இடத்தில் நின்றால் சமநிலை? போர்டில் எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும்? இவ்வளவும் ஒரே தாளில் அடங்கிவிடும். அந்தத் தாள் இல்லாததால் எபாக்சியைச் சுரண்டிச் சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்து அரிபட்ட கம்பியை எண்ணினார். பாதியில் சுருள் உதிர்ந்தது. மிச்சத்தை அனுமானமாகச் சுற்றினார். மூன்று வாரம் ஆனது. இப்போது என் டிடெக்டர் காய்ந்த மண்ணில் வேலை செய்கிறது. ஈர மணலில் பழையபடி அலறுகிறது. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். "ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டியின் பின்பலகையிலேயே சர்க்யூட் படத்தை ஒட்டி அனுப்புவான்" என்று சொல்லிக்கொண்டே கருவியைத் திருப்பிக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கம்பெனிகள் மூடுவது புதிதல்ல, குற்றமும் அல்ல. அமெரிக்காவில் அரிசோனாவில் 1980 முதல் டிடெக்டர் செய்துவந்த டெசோரோ, வாங்கியவருக்கு ஆயுள் முழுக்க வாரண்டி கொடுத்த கம்பெனி. அது 2018-இல் மூடியது. செய்தவனே போன பிறகு ஆயுள் வாரண்டியை யாரிடம் கொண்டு போய்க் கேட்பது? ஓரிகன் மாநிலத்தில் 1950-இல் தொடங்கிய ஒயிட்ஸ் 2020-இல் மூடியது. அதன் காப்புரிமைகளையும் சில சொத்துகளையும் டெக்சாஸில் இருக்கும் கேரட் கம்பெனி வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் இருப்பவர் விசாரித்து யாராவது பழைய தொழிலாளியிடமோ கடையிடமோ போய்விடலாம். டர்பனிலிருந்து ஒரு பழைய கருவியை அங்கே அனுப்பித் திரும்ப வாங்கும் செலவில் பாதிப் புதுக் கருவியே வாங்கிவிடலாம். பல்கேரியாவிலும் உக்ரைனிலும் சிறு கம்பெனிகள் மாற்றுக் காயில் செய்து விற்கின்றன. பேர்போன மாடல்களுக்கு அது கிடைக்கும். மற்றவற்றுக்கு இல்லை. அதுவும் போக, உள்ளே இருக்கும் புரோகிராம் போட்ட சிப் செத்துவிட்டால் எந்த மாற்றுக் காயிலும் உதவாது. அப்படிச் சிப் இல்லாத பழைய அனலாக் கருவிக்குக் கடையில் கிடைக்கும் உதிரிகளை வைத்தே உயிர் கொடுக்கலாம். புதியவற்றில் அந்தச் சிப்புக்குள் இருக்கும் புரோகிராம் கம்பெனியோடு புதைந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2008ஆம் வருடத்து 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், கடைக்காரர் என எல்லோரும் பொருளின் தரத்துக்குப் பொறுப்பு. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பொறுப்பு 6 மாதத்தில் முடிகிறது. மெட்டல் டிடெக்டரை 6 மாதத்துக்கு யாரும் வாங்குவதில்லை.

கார்களின் விஷயத்தில் போட்டி ஆணையம் ஏற்கெனவே ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிகளால், வாரண்டி இருக்கும்போதே நமக்குப் பிடித்த மெக்கானிக்கிடம் வண்டியை விடலாம். பழுது பார்க்கும் தொழில்நுட்ப விவரங்களைக் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அது வந்தபோது எங்கள் தெருவில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பி எவ்வளவு சந்தோஷப்பட்டான் என்பதை நேரில் பார்த்தவன் நான். அதே நியாயம் காரைவிடச் சின்னக் கருவிகளுக்கும் வர வேண்டும் என்பதுதான் என் மன்றாட்டு.

வெளிநாட்டுக் கம்பெனியை நம் அரசு எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்பீர்கள். கட்டுப்படுத்த வேண்டாம். பெட்டி டர்பன் துறைமுகத்தில் இறங்குகிறது அல்லவா, அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டு எடுக்கிறார், அவரைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் துறை அந்த வழியை ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறது. மின்னணுக் கழிவு பற்றி 2021-இல் நடைமுறைக்கு வந்த விதிகளில், இறக்குமதி செய்பவரும் உற்பத்தியாளர் கணக்கில்தான் வருகிறார். அவர் பதிவு செய்ய வேண்டும், பொருளின் ஆயுள் முடிந்த பிறகும் அவருக்குப் பொறுப்பு உண்டு. மின்னணுச் சாமான்களைக் குப்பைமேட்டில் கொட்டவும் அதே வருடம் தடை வந்தது. சரி, கழிவானதும் பொறுப்பேற்கச் சொல்லும் அரசு, கழிவாகாமல் காக்க ஒரு தாளையும் சேர்த்துக் கேட்கக் கூடாதா? அந்தப் பதிவோடு சர்க்யூட் படம், காயில் விவரம், சிப்பின் புரோகிராம் ஆகியவற்றை முத்திரையிட்டு ஒப்படைக்கச் சொல்லுங்கள். கம்பெனி நன்றாக நடக்கும்வரை உறையைப் பிரிக்க வேண்டாம். மூடிவிட்டாலோ, இனி ஸ்பேர் தர மாட்டோம் என்று கைவிரித்தாலோ மட்டும் பிரியுங்கள்.

தொழில் ரகசியம் போய்விடும் என்று எதிர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். பழுது பார்க்கும் அனுமதி வேறு, அதைப் போலவே செய்து விற்கும் அனுமதி வேறு. காப்புரிமையை யார் வாங்கியிருக்கிறாரோ அது அவரிடமே இருக்கட்டும். எங்களுக்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒன்று ஓடினால் போதும். இந்தக் கருவியின் வரலாற்றிலேயே நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஒரு மனிதர் உண்டு. இரண்டாம் உலகப் போரில், யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி கண்ணிவெடி தேடும் டிடெக்டரை வடிவமைத்தார். காப்புரிமை எடுக்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். 1942-இல் எகிப்தின் எல் அலமைன் மணலில் வெடிகளைத் தேட 500 கருவிகள் போயின. அந்தப் போரில் நம் நாட்டு ராணுவத்தின் முதல் டிவிஷனும் நின்றது. அவர் அதை மறைத்து வைத்திருந்தால் எத்தனை பையன்கள் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு எங்களைப் பற்றிச் சந்தேகம் உண்டு. 1999ஆம் வருடத்து 25ஆம் எண் மரபுச் சொத்துச் சட்டப்படி, தொல்லியல் இடங்களுக்கு அனுமதியில்லாமல் டிடெக்டரைக் கொண்டு போகக் கூடாது. அதை நான் மதிக்கிறேன், என்னோடு வருபவர்களும் மதிக்கிறார்கள். 1782-இல் நம் மதராஸிலிருந்து கிளம்பி நமக்குத் தெற்கே இருக்கும் பொண்டோலாந்து கரையில் உடைந்த குரோவ்னர் கப்பலின் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அந்தக் கரைக்குக் கருவியோடு ஒருநாளும் போனதில்லை. நாங்கள் தேடுவது போன வாரம் விழுந்த மோதிரத்தை.

டிடெக்டருக்காக மட்டும் நான் எழுதவில்லை. என் மாமாவின் காது கேட்கும் கருவி, அக்காவின் எம்பிராய்டரி மெஷின், கோயிலின் ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இதே வரிசையில் நிற்கின்றன. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தது டிடெக்டர், அதனால் அதை வைத்துச் சொன்னேன்.

உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது வந்து பார்க்க விரும்பினால், அந்த உடைந்த காயிலைக் காட்டுகிறேன். பழைய சுருளின் துண்டுகளைக்கூட ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பெரியவருக்கு 70 வயது ஆகிவிட்டது. பகல் வெளிச்சத்தில்தான் இப்போது சால்டரிங் செய்கிறார். சரியான தாள் கையில் கிடைத்தால் மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் கண் தெளிவாக இருக்கும்போதே உங்கள் பதில் வர வேண்டும்.

மரியாதையுடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு குடிமகன்