டோபி கடை அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

வெள்ளம் வடிந்து இன்றோடு ஒன்பது நாள். அந்த இரவைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும். சேற்றைக் கழுவித் தள்ள வந்த என் பழைய மாணவர்கள், கோயிலில் சோறு பொங்கிப் போட்டவர்கள், மாடியைத் திறந்துவிட்ட எதிர்வீட்டுச் சீனக் குடும்பம், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் ஆயர் ஈத்தாம் பக்கம் டோபி கடை வைத்திருக்கும் அண்ணனைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆப்பிரிக்க மொழிகளை ஆராய்ந்த கிளெமென்ட் டோக் பற்றி ஒரு புத்தகத்துக்காக ஆறு வருடமாக எழுதிய நோட்டுகள் குப்பையோடு போய்விட்டன என்று அழுது முடித்திருந்தேன். அவை நனைந்த சேலை மூட்டைக்குள் போயிருக்கின்றன. சேலை வாங்கப் போனால், அண்ணன் பழைய வேட்டித் துணியை விரித்து, நடுவில் ஒரு தாளை வைத்து, மேலே இன்னொரு துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்து ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தாளாக, இருநூறுக்கு மேல். மைப் பேனாவில் எழுதியது நீலக் கறையாகிவிட்டது, பால்பாயிண்ட் எழுத்து தப்பிவிட்டது.

"யார் டீச்சர் இந்த வெள்ளைக்காரர்?" என்றார். 1908இல் ஜோகன்னஸ்பர்க் தெருவில் காந்தியை அடித்துப் போட்டபோது தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட போதகர் ஜோசப் டோக்கின் மகன், அப்போது 14 வயது, பிறகு 1914இல் தானும் ஊழியத்துக்கு இன்றைய சாம்பியா பக்கத்து லம்பா மக்களிடம் போய் அவர்கள் மொழியிலேயே ஊறிப்போனவர் என்றேன். ஐரோப்பிய அளவுக்குத் தைத்த இலக்கணச் சட்டையை ஆப்பிரிக்க மொழிகளுக்கு மாட்டக் கூடாது என்று நின்றவர் அவர். ஓசையையும் சாயலையும் காட்டும் சொற்களுக்கு 1935இல் 'ஐடியோஃபோன்' என்று பெயர் வைத்தார், நம்ம சலசல, மளமள மாதிரி அண்ணே என்றேன்.

அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஈரத்துணி கல்லில் விழுந்தால் 'சொத்', உதறினால் 'பட்', கஞ்சி போட்ட வேட்டி 'மொடமொட' என்று அடுக்கினார். இருபது வருடம் இரட்டைக்கிளவி நடத்திய எனக்கு, மொடமொட என்பது காதுக்கா விரலுக்கா என்ற கேள்வி அன்றுதான் வந்தது! அன்றிரவே அதை எழுதி வைத்தேன்.

காசு வாங்கவில்லை, பெயரும் போடக் கூடாது என்றீர்கள். சரி, இந்த மடலில் போடவில்லை. டோக்கோடு தென்னாப்பிரிக்க ஜூலு மொழி அகராதிக்கு உழைத்த ஜூலுக் கவிஞர் விலகாசி 1947இல் இறந்துபோனார், அகராதி 1948இல் வந்தபோது இரண்டு பேர் பெயரும் அதில் இருந்தது. என் புத்தகம் வரும்போது உங்கள் பெயர் இருக்கும் அண்ணே. அப்போது தடுக்காதீர்கள்.