பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய வட்டார வேளாண் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்தச் சம்பாவில் யூரியா வாங்கப் போனவர்கள் கையில் பயிர் வளர்ச்சி ஊக்கி பாட்டிலும் சேர்ந்து வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. “அது இல்லாமல் மூட்டை இல்லை” என்றார் கடைக்காரர். வாங்கினேன்.

கதிர் பால் பிடிக்கும் சமயம் மழைத்தண்ணீர் நான்கு நாள் வடியவில்லை. அடி இலைகள் பழுத்து மேலே ஏறிக்கொண்டே வந்தன. வாங்கிய பாட்டில் சும்மா கிடக்கிறதே என்று அடித்தேன். பச்சை நின்றது, பொய் சொல்ல மாட்டேன். அறுவடை மெஷின் இறங்கிய அன்றும் தாள் பச்சைதான். ஆனால் கதிரை உள்ளங்கையில் உருவி ஊதினால் பாதி பறக்கிறது. அத்தனையும் பதர்.

வேர் நீரில் மூச்சுமுட்டினால் எத்திலீன் என்ற ஹார்மோன் கூடி இலை சீக்கிரம் பழுக்கும், சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொடுத்தால் மூப்பு தள்ளிப்போகும் என்பதெல்லாம் நீங்கள் படித்தது. பறித்த இலையைக் கைனெட்டின் என்ற ஒருவகை சைட்டோகைனின் பச்சையாகவே வைத்திருக்கும் என்று 1957லேயே காட்டிவிட்டார்கள். சரி. ஆனால் நெல் இலை பழுப்பது எல்லாமே கேடு இல்லையே? கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை தன் தழைச்சத்தை மணிக்குக் கொடுத்துவிட்டுத்தான் பழுக்கிறது. கொடுக்கும் நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்தினால், மணிக்குப் போகவேண்டியது தாளிலேயே தங்கிவிடலாம்.

என் பதருக்கு மழை காரணமா, பாட்டிலா, நான் அடித்த நேரமா? கண்டுபிடிக்க வழியில்லை. லேபிளில் இருப்பது “கடல்பாசிச் சாறு மற்றும் இயற்கைப் பொருட்கள்”, கூடவே சிரிக்கும் ஒரு விவசாயி. அவருக்காவது உள்ளே என்ன என்று தெரியுமோ என்னவோ. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் மாவு எத்தனை விழுக்காடு என்று போடுகிறார்கள். கடல்பாசிச் சாறு போன்ற உயிரூக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. ஜிப்ரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஹார்மோன்கள் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் இருக்கின்றன. இந்தப் பாட்டில் எதில் சேரும்? எங்களைக் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

இலை மஞ்சளானால் போட்டோ அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்பினால் இன்னொரு பாட்டிலின் பெயர் பதிலாக வருகிறது. இதற்கு எதற்குப் போட்டோ? கடைக்கே நேராகப் போயிருப்போம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: எந்த ஹார்மோன், எவ்வளவு, எந்தப் பருவத்தில் அடிக்கலாம், எப்போது கூடாது என்று தமிழில் போடாத பாட்டிலை விற்க விடாதீர்கள். யூரியாவோடு கட்டி விற்கவும் விடாதீர்கள். குறுவைக்கு நாற்று விடும் முன் ஒருநாள் கடை அலமாரியை வந்து பாருங்கள். காலி பாட்டிலைக் கழுவாமல் எடுத்து வைத்திருக்கிறேன், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவன்