தாடை உடைத்தவனுக்கு ஒத்திவைத்த தண்டனை: சட்டமா அதிபருக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ சட்டமா அதிபர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டனை கொடுத்த நீதவான் மீது எனக்குக் கோபம் இல்லை. தன் முன் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுக்குத்தானே அவர் தீர்ப்புச் சொல்ல முடியும்? வைக்கப்பட்ட குற்றச்சாட்டே தவறு என்பதுதான் என் வாதம். பொலிஸாருக்கு ஆலோசனை சொல்லவும், போதாத தண்டனையை மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் உங்களுக்கு அதிகாரம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

தாடை உடைபட்டவன் மலையகத்து நகரம் ஒன்றில் புடவைக் கடையில் வேலை செய்யும் பையன். என்னிடம் படித்தவன். கடை சாத்திவிட்டுக் கடைசி பஸ்ஸுக்காக ஹோல்டில் நின்றிருக்கிறான். எதிரே வந்தவனை அதற்கு முன் கண்டதுமில்லை, பேசியதுமில்லை. கடன் இல்லை, காதல் இல்லை, காணிச் சண்டை இல்லை. வந்தவன் கையிலிருந்த பியர் போத்தலால் முகத்தில் அடித்தான், விழுந்த பிறகு மிதித்தான். கீழ்த்தாடை உடைந்தது, முன்பல் இரண்டு போனது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வாயைப் பூட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணியும் நெஸ்டமோல்ட்டும்தான் சாப்பாடு, அதுவும் ஸ்ட்ரோ வைத்து. பேச முடியாததால் வேண்டியதைப் பழைய கொப்பியில் எழுதிக் காட்டுவான்.

தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். எலும்பு முறிந்தால் கடுங்காயம். பல் உடைந்தாலே கடுங்காயம். கடுங்காயத்துக்கு 316 ஆம் பிரிவின்படி 7 வருடம் வரை சிறை, ஆபத்தான ஆயுதத்தால் என்றால் 317 இன்படி 10 வருடம் வரை. ஆனால் இந்தப் பையனின் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது 314 இல், அதாவது சாதாரண காயம். அதற்கு உச்சமே 1 வருடம். சட்ட வைத்திய அதிகாரி முறிவு என்று எழுதிக் கொடுத்த பிறகும் அது எப்படி 314 ஆனது என்று இன்றுவரை யாரும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அம்மா கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அந்த அம்மா கொழுந்துக்குப் போகிறவர். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024 வர்த்தமானிக் கணக்கில் 1,350 ரூபாய், அதற்கு மேல் பஸ் காசு. காலையிலேயே போய் வாங்கில் உட்கார்ந்து, மத்தியானம் "அடுத்த தவணை" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். கடைசித் தவணையில் எதிராளி குற்றத்தை ஒப்புக்கொண்டான். வயது குறைவு, முதல் குற்றம், வீட்டில் வயதான தாய் என்று சட்டத்தரணி சொன்னார். (இந்தப் பக்கமும் ஒரு தாய் இருந்தார். அவரை யாரும் எழுப்பிக் கேட்கவில்லை.) ஒரு சிறிய தண்டப்பணம், ஆறு மாதச் சிறை, அதுவும் ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைப்பு, அதாவது அதற்குள் வேறு குற்றம் செய்யாவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை. நட்டஈடு பற்றிப் பேச்சே இல்லை. அன்று பின்னேரம் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வந்தார்கள்.

ஆத்திரமூட்டியதால் அடித்தவனுக்குத் தண்டனையைக் குறைக்கச் சட்டக்கோவையிலேயே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு காரணமும் இல்லாமல் அடித்தவன் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்க வேண்டியவன். நடைமுறையிலோ அவன் அதைவிட மலிவாகத் தப்புகிறான். நீதவான் பொதுவாக விதிக்கக்கூடிய சிறை 2 வருடம் வரைதான், ஒத்திவைக்கக்கூடிய சிறைத்தண்டனையும் 2 வருடம் வரைதான். ஆக, நீதவான் நீதிமன்றத்தோடு முடிகிற தாக்குதல் வழக்கு எதிலும் தண்டனையைப் பெரும்பாலும் ஒத்திவைத்துவிடலாம். அப்படி ஒத்திவைக்கும் முன் குற்றத்தின் பாரதூரத்தையும் விளைந்த காயத்தையும் பார்க்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு சொல்கிறது. காயத்தைச் சொல்ல ஆள் இல்லாத மன்றில் எதைப் பார்ப்பது?

இது புதிய கவலையும் இல்லை. சட்டமா அதிபர் எதிர் எச். என். டி சில்வா வழக்கில் நீதியரசர் பஸ்நாயக்க 1950களிலேயே சொல்லிவிட்டார்: தண்டனையைப் பொதுமக்கள் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும், நீதிபதிகள் பல வேளைகளில் குற்றவாளியின் பக்கத்தை மட்டும் பார்த்துவிடுகிறார்கள் என்று. அந்த வழக்கைக் கொண்டுபோனது உங்கள் பதவியில் இருந்தவர்தான்.

எல்லோரையும் உள்ளே தள்ளுங்கள் என்று கேட்கவில்லை. சிறைகள் நிரம்பி வழிகின்றன. இருபது வயதுக்காரன் அங்கே போய்த் திருந்தி வருவான் என்று நம்புகிற ஆளும் நான் இல்லை. அப்படியென்றால் சிறைக்குப் பதிலாக வெளியே வைத்துத் திருத்த வந்த 1999 ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் எதற்கு? வேலை செய்ய வையுங்கள், குடியை நிறுத்தச் சிகிச்சைக்கு அனுப்புங்கள், பல் கட்டும் செலவை அவனிடமே வாங்கிக் கொடுங்கள். ஒன்றுமே செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதற்குத் தண்டனை என்று பெயர் வைக்காதீர்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். மருத்துவ அறிக்கையில் முறிவு என்று இருந்தால் 314 இல் வழக்குப் போடக்கூடாது, போட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்று பொலிஸாருக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்ப வழி செய்யுங்கள். தண்டனை சொல்லும் முன் அடிபட்டவரை மன்று கேட்கட்டும், தமிழில் கேட்கட்டும். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்க 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. தோட்டத்தில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த வழக்கில் மீளாய்வு மனு போட இன்னும் வழி இருக்கிறதா என்று அந்த அம்மா என்னிடம் கேட்கிறார். வழக்கு இலக்கத்தையும் வைத்திய அறிக்கையின் பிரதியையும் பதிவுத் தபாலில் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பதிலை அவருடைய முகவரிக்கே, தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்