தின்ன வரும் புலி

முலுண்டு, மும்பை

அன்புள்ள செண்பகா,

கடிதம் வந்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

பெங்களூர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பில் பாரதியின் 'பகைவனுக்கருள்வாய்' நடத்தப் போகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசிக் கண்ணியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய்.

தின்ன வரும்புலி தன்னையும் அன்பொடு
சிந்தையிற் போற்றிடுவாய் - நன்னெஞ்சே!
அன்னை பராசக்தி யவ்வுரு வாயினள்
அவளைக் கும்பிடுவாய் - நன்னெஞ்சே!

இதை மட்டும் தனியாகப் பலகையில் எழுதினால் காரியம் கெட்டுவிடும். "புலி வந்தா ஓடாம கும்பிடணுமா மிஸ்?" என்பார்கள். நியாயமான கேள்வி. பதில் இதற்கு முந்தைய கண்ணியில் இருக்கிறது. எதிர்த்து வந்த கவுரவர் போல வந்தவனும் அவன்தான், அருச்சுனன் தேரில் கசை, அதாவது சாட்டை, கொண்டு நின்றவனும் கண்ணன்தான் என்கிறார். இரண்டு பக்கமும் கடவுள். அதற்காகப் போர் நின்றுவிட்டது என்று பாரதி சொல்லவில்லை. தேர் ஓடுகிறது, கசை கையில் இருக்கிறது. தற்காப்பை விட்டுவிடச் சொல்லும் பாட்டல்ல இது. ஐந்தையும் ஆறையும் பிரிக்காமல் சேர்த்துப் படித்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

மீதிக்கு, பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேள். ஒவ்வொரு கண்ணியிலும் 'நன்னெஞ்சே' என்று தன் நெஞ்சைத்தான் கூப்பிடுகிறார். புலியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அது திருந்தும் என்றும் சொல்லவில்லை. அது தின்னத்தான் வருகிறது என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, போற்ற வேண்டிய இடம் சிந்தை என்கிறார். கால் விலகிப் போகலாம், கை கதவைச் சாத்தலாம். வெறுப்பு மட்டும் உள்ளே வரக் கூடாது. ஏன் கூடாது என்பதற்கு மூன்றாம் கண்ணி: தெள்ளிய தேனில் சிறிது நஞ்சு சேர்ந்தபின் அது தேனா? கெட்டுப்போவது வெறுக்கிறவனின் உள்ளம்தான். முதல் இரண்டு கண்ணிகளில் வரும் புகைக்குள் தீ, சிப்பிக்குள் முத்து இரண்டும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். அங்கே நேரம் செலவழிக்காதே.

திருவல்லிக்கேணி யானைக் கதையை இதோடு முடிச்சுப் போடாதே. யாராவது ஒரு பெற்றோர் கட்டாயம் கிளப்புவார். கோயில் யானை பாரதியைத் தள்ளியது 1921-இல். அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் போய்ப் பேசிவிட்டு வந்தவர், அந்தச் செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். அன்பு காட்டியதற்கு யானை கொடுத்த பலன் என்று கதை கட்டினால் பாட்டின் பொருளே தலைகீழாகிவிடும்.

புலி தூரத்து விஷயம் என்று பிள்ளைகள் நினைத்தால் எங்கள் ஊரைச் சொல். முலுண்டுக்குப் பின்னால் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் நகரம், உள்ளே சிறுத்தைகள். இந்தப் பக்கத்து வார்லிப் பழங்குடி மக்கள் வாகோபா என்ற புலித் தெய்வத்தைக் கல்லிலோ மரத்திலோ செதுக்கிச் சிந்தூரம் பூசிக் கும்பிடுகிறார்கள். தீபாவளியை ஒட்டி வாக்பாரஸ் அன்று பூசை. சிறுத்தை ஆட்டைத் தூக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், பயமும் உண்டு, இருட்டுமுன் ஆட்டைப் பட்டியில் அடைப்பதும் உண்டு. ஆறாம் கண்ணிக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

பயம் வெறுப்பாக முற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் மகாராஷ்டிரத்திலேயே பாடம் இருக்கிறது. ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். விட்ட இடங்களைச் சுற்றி மனிதர்கள் மேல் தாக்குதல் கூடியது. தெரியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை அலையும், பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அது காலி செய்த இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். 'இங்கிருந்து ஒழிந்தால் சரி' என்ற நினைப்பு யாரையும் காப்பாற்றவில்லை.

காப்பாற்றுவது சின்னச் சின்ன வேலைகள். குப்பை குவிந்தால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும், ஆகவே முதலில் குப்பையை அள்ள வேண்டும். இருட்டியபின் குழந்தைகளைத் தனியாக அனுப்பக் கூடாது. புதரோரம் குந்தி உட்காரக் கூடாது, உட்கார்ந்த ஆள் அதன் கண்ணுக்குச் சின்ன இரையாகத் தெரியும். கண்டால் ஓடாமல், நிமிர்ந்து நின்று, மெல்லப் பின்வாங்கி வழிவிட வேண்டும். கூட்டம் கூடிக் கல்லெறிவதுதான் பெரிய ஆபத்து. தப்ப வழியில்லாமல் போனால் சிறுத்தை பாயும். புலி வந்தால் கும்பிடணுமா என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் இதையே சொல்: ஓடவும் வேண்டாம், பக்கத்தில் போய்க் கும்பிடவும் வேண்டாம்.

வகுப்பு முடிவில் ஒரு பயிற்சி கொடு. அவரவர் பயப்படும் ஒரு பிராணியை வைத்து ஏழாம் கண்ணி எழுதட்டும். தின்ன - அன்னை, போருக்கு - நேருக்கு மாதிரி எதுகை அமைய வேண்டும். முதலடியிலேயே அந்தப் பிராணி என்ன செய்யும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'நல்ல பாம்பே, நீ கடிக்க மாட்டாய்' என்று யாராவது எழுதினால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல். நன்றாக வந்தவற்றை எனக்கு அனுப்பு, இங்கே என் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
பார்வதி